டிரைவர் நிற்க மாட்டேன் என்கிறாரா? முதலில் கணக்கை எடுங்கள்

"டிரைவர் கிடைக்கிறதே இல்லை. கிடைச்சாலும் நாலு நடை ஓட்டிட்டு வேற வண்டிக்குப் போயிடறான்." லாரி உரிமையாளர்கள் கூடும் இடங்களில் இந்தப் புலம்பலைக் கேட்காமல் திரும்ப முடியாது. கூடவே "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பில்லை" என்ற தீர்ப்பும் வந்துவிடும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கேட்கும் இதே வசனத்தை அமெரிக்க லாரி நிறுவனங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே சிலர் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நமக்கு எது பயன்படும், எதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. ஐந்து வண்டி வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐந்நூறு வண்டி வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

முதலில் நோயின் அளவைப் பார்ப்போம். அமெரிக்காவில் முழு லோடு ஏற்றி நெடுந்தூரம் ஓடும் பெரிய நிறுவனங்களில், 2005ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் ஓட்டுநர் வெளியேற்றம் ஆண்டுக்கு 136 சதவீதம் என்ற வேகத்தில் இருந்தது. நூறு வண்டி ஓட்ட வேண்டுமென்றால், வருடத்தில் 136 பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பொருள். அந்நாட்டு லாரி நிறுவனங்களின் சங்கம் இதை 'ஓட்டுநர் பற்றாக்குறை' என்று சொல்லி வருகிறது. ஸ்டீபன் பர்க்ஸ், கிறிஸ்டன் மொனாக்கோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2019இல் அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் இதழில் எழுதிய கட்டுரை வேறு கதை சொன்னது. லாரி ஓட்டுநர் சந்தை மற்றத் தொழில் சந்தைகளைப் போலத்தான் நடந்துகொள்கிறது, சம்பளம் ஏறினால் ஆள் வருகிறது என்றார்கள். ஆள் நிற்காமல் ஓடுவது நெடுந்தூர முழு லோடு பிரிவில்தான். லாரித் தொழில் முழுவதற்கும் அந்த நோய் கிடையாது.

இந்த பர்க்ஸ் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். அதற்கு முன் லாரி ஓட்டியவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய ஆய்வுகளில் ஓட்டுநர் வெறும் எண்ணாகத் தெரிவதில்லை. அவரும் கூட்டாளிகளும் ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து, பயிற்சிக்கு வந்த புதிய ஓட்டுநர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மனிதர்கள் பணம், நேரம், ஆபத்து பற்றி உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்பதே நடத்தைப் பொருளாதாரம். அதை வகுப்பறையில் மாணவர்களை வைத்துப் பார்ப்பது சுலபம். இவர்கள் லாரிக்காரர்களை வைத்துப் பார்த்தார்கள்.

சேரும் நாளில் சொன்ன கணக்கு

அந்த ஆய்வில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. "அடுத்த வாரம் எத்தனை மைல் ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஓட்டுநர்களிடம் வாராவாரம் கேட்டார்கள். அங்கே மைலுக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம், ஆகவே இது வருமானம் பற்றிய கேள்வியே. மிட்செல் ஹாஃப்மனும் பர்க்ஸும் அந்தப் பதில்களை உண்மையில் ஓடிய மைல்களோடு வைத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் தங்களால் முடிவதைவிட அதிகம் சொன்னார்கள். வாராவாரம் உண்மைக் கணக்கு கைக்கு வந்தபோதும் அந்த நம்பிக்கை மிக மெதுவாகத்தான் இறங்கியது. தன் ஓட்டத்தைப் பற்றி மிகையாக நம்பியவர்கள் வேலையை விடுவதும் குறைவாக இருந்தது.

இதைப் படித்ததும் ஒரு கெட்டிக்கார முதலாளிக்கு என்ன தோன்றும்? "அப்படியானால் ஆசை காட்டியே வைத்துக்கொள்ளலாமே!" வேண்டாம். அந்த மிகை நம்பிக்கையால் லாபம் நிறுவனத்துக்கு, நட்டம் ஓட்டுநருக்கு என்று ஆய்வாளர்களே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அறத்தை விடுங்கள், நடைமுறையிலும் நம் ஊரில் அது செல்லாது. டீக்கடையிலும் வாட்ஸாப் குழுவிலும் யார் வண்டியில் என்ன கைக்கு வருகிறது என்பது இரண்டே நடையில் தெரிந்துவிடும். நீங்கள் சொன்னதற்கும் அவர் கையில் வந்ததற்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவர் அடுத்த வண்டியைத் தேடும் வேகமும் அவ்வளவு.

ஆகவே புதிய ஆள் வரும்போது வாயால் தொகை சொல்லாதீர்கள். உங்களிடம் ஓடும் நடுத்தரமான ஓட்டுநர் ஒருவரின் கடந்த ஆறு மாத டிரிப் ஷீட்டுகளைப் பெயரை மறைத்து அவர் முன் வையுங்கள். செலவு போகக் கைக்கு வந்த தொகை, வீட்டில் இருந்த நாட்கள், லோடுக்காகச் சும்மா கிடந்த நாட்கள் என்று மூன்றையும் அவரே பார்க்கட்டும். ஓட்டம் குறைந்த மாதத்தை ஒளிக்க வேண்டாம். அதைப் பார்த்து ஒருவர் வராமல் போனால் உங்களுக்கு லாபம், மூன்றாவது வாரத்தில் ஹைதராபாத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக்கூடியவர் அவர்தான்.

புத்திசாலியைத் தேடாதீர்கள், நெருக்கடியைக் குறையுங்கள்

பர்க்ஸ், ஜெஃப்ரி கார்பென்டர், லோரன்ஸ் கோட்டே, ஆல்டோ ருஸ்டிகினி நால்வரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. 1,066 பயிற்சி ஓட்டுநர்களுக்கு வடிவங்களைக் கொண்டு சிந்தனைத் திறனைச் சோதிக்கும் ரேவன் சோதனை, எண் கணக்கு, ஒரு சிறு உத்தி விளையாட்டு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். அவற்றில் நன்றாகச் செய்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள், ஆபத்தைக் கணக்குப் போட்டு எடுத்தார்கள், வேலையிலும் கூடுதல் காலம் நின்றார்கள். பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்றிருந்ததால், ஓராண்டுக்குள் விலகினால் ஆயிரக்கணக்கான டாலர் கடனாளியாகும் நிலை இருந்தது. அந்தக் கடன் கண்ணுக்குத் தெரிந்தும் பலர் இடையிலேயே போனார்கள்.

"சரி, ஆள் எடுக்கும்போது தேர்வு வைத்துவிடலாம்" என்று முடிவு செய்வதற்கு முன் இன்னோர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். அது நம் மண்ணில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளிடம் இதே ரேவன் வகைச் சோதனையை அறுவடைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கொடுத்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரின் அந்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்புப் பணம் கைக்கு வந்தபின் நன்றாகச் செய்த அதே ஆட்கள், பணம் வருவதற்கு முந்தைய நெருக்கடியில் மோசமாகச் செய்திருந்தார்கள். மனிதரும் அவரே, மூளையும் அதே. இடையில் மாறியது கையிருப்பு.

இந்த இரண்டு ஆய்வுகளையும் யாரும் சேர்த்து நடத்தவில்லை, சேர்த்துப் படிப்பது என் வேலை. சோதனையில் குறைந்த மதிப்பெண் வாங்கும் ஓட்டுநரைத் தள்ளிவிடுவதற்கு முன், அவர் மனதில் எத்தனை கணக்கு ஓடுகிறது என்று பாருங்கள். போன நடையின் பாக்கி நிற்கிறது. டோலுக்குக் கைக்காசு போட்டது வரவில்லை. ஊரில் வட்டி கட்டும் தேதி நெருங்குகிறது. இதையெல்லாம் சுமந்துகொண்டு முப்பது டன் வண்டியை மலைப்பாதையில் இறக்குகிறார். நடை முடிந்த இரண்டு நாளுக்குள் கணக்கை முடித்துக் கொடுப்பது உங்களுக்குச் செலவே இல்லாத பாதுகாப்பு ஏற்பாடு. கணக்கு ஒரே தாளில், அவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். படி, கிலோமீட்டர் காசு, டீசல் மிச்சம், பிடித்தம் என்று ஆறு வகையாகப் பிரித்து வைத்தால் உங்கள் கணக்குப் பிள்ளைக்கே புரியாது. அவருக்கு எப்படிப் புரியும்?

காத்திருப்பு என்ற ஓட்டை

நெடுந்தூர லாரித் தொழிலில் பணம் ஒழுகும் பெரிய ஓட்டை, லோடு ஏற்ற இறக்கக் காத்திருக்கும் நேரம். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் கூடுதல் நேரச் சம்பளத்தை உறுதி செய்தபோது, மாநிலம் கடந்து ஓடும் லாரி ஓட்டுநர்களுக்கு விலக்கு வைத்துவிட்டது. அது இன்றும் நீடிக்கிறது. மைலுக்குக் காசு என்பதால், கிடங்கு வாசலில் ஐந்து மணி நேரம் நின்றால் பெரும்பாலும் அந்த ஐந்து மணி நேரத்துக்குக் காசில்லை. கிடங்குக்காரருக்கும் அவசரமில்லை, வீணாவது வேறொருவர் நேரம்தானே.

வீணாகும் நேரத்தை ஓட்டுநர் எங்கே ஈடுகட்டுவார்? சாலையில். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018இல் இதைக் கணக்கிட்டது. சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. விபத்துக்குக் காரணம் தேடும்போது நாம் ஸ்டீயரிங்கைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம். பல மணி நேரத்துக்கு முன் கிடங்கு வாசலில் வண்டி நின்றதை எந்த எஃப்.ஐ.ஆரிலும் எழுதுவதில்லை.

கண்காணிப்புக் கருவி பொருத்தினால் சரியாகிவிடும் என்று நம்புபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அங்கே ஓட்டுநர் ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், அடுத்து 10 மணி நேர ஓய்வு. இதைத் தானாகப் பதியும் மின்னணுக் கருவியை 2017 டிசம்பரில் கட்டாயமாக்கினார்கள். அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் மூவரும் விளைவை ஆராய்ந்தபோது, நேர விதி மீறல் குறைந்திருந்தது, விபத்து குறையவில்லை. சிறு நிறுவனங்களின் வண்டிகளில் வேக மீறல் கூடியிருந்தது. கடிகாரம் ஓடுகிறது, கிடங்கு விடுவதாக இல்லை, காசோ மைலுக்கு. மிதிப்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வழி என்ன வைத்தீர்கள்? நம் ஊரில் ஜி.பி.எஸ். பொருத்திவிட்டு, "ஏன் நின்னே? ஏன் லேட்?" என்று மணிக்கொரு முறை போன் செய்யும் உரிமையாளர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். உறங்கும் ஓட்டுநரை எழுப்புவதும் அந்த போன்தான்.

செய்ய வேண்டியது இது. ஏற்ற, இறக்க இவ்வளவு மணி நேரம் என்று ஒரு வரம்பு வையுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஓட்டுநருக்கு ஒரு தொகை. பார்ட்டியிடமிருந்து ஹால்டிங் சார்ஜ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். வராவிட்டாலும் ஓட்டுநருக்குக் கொடுங்கள். உங்கள் கையை விட்டுப் பணம் போகத் தொடங்கினால்தான் எந்தக் கிடங்கு உங்களை எவ்வளவு தின்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதுவரை அந்த நட்டம் ஓட்டுநரின் உடம்பில் மறைந்து கிடக்கும். சரக்கை 'சீக்கிரம் சேர்த்தால் போனஸ்' என்பதை இன்றே நிறுத்திவிடுங்கள், அது நீங்களே காசு கொடுத்து வாங்கும் விபத்து.

சம்பளத்தை உயர்த்தினால் கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஜே.பி. ஹன்ட் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் 1997இல் ஓட்டுநர் சம்பளத்தைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உயர்த்தியது. புதியவர்களை வரிசையாகப் பயிற்றுவித்து இழப்பதைவிட அனுபவசாலிகளை வைத்துக்கொள்வது மலிவு என்று முடிவு செய்தார்கள். டேனியல் ரோட்ரிகஸ், ஃபெலிப்பே தர்கா, மைக்கேல் பெல்சர் ஆகியோர் அந்த நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்து, கூடுதல் சம்பளத்தோடு விபத்தும் குறைந்ததைக் காட்டினார்கள். நம் ஊரில் ஒரே தடவையில் அவ்வளவு உயர்த்த முடியாது என்பது எனக்கும் தெரியும். கையில் உயர்த்தப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால், அதைக் கிலோமீட்டர் காசில் போடாமல் காத்திருப்புக் காசில் போடுங்கள் என்பது என் ஆலோசனை.

குறட்டையைச் சிரித்து ஒதுக்காதீர்கள்

உடல்நலம் என்றதும் பலர் வருடத்துக்கொரு கண் பரிசோதனை முகாமோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கும் அடியில் பெரிய ஆபத்து ஒன்று உறங்குகிறது. அமெரிக்க நெடுந்தூர ஓட்டுநர்களிடம் 2010இல் அரசு நிறுவனம் ஒன்று நடத்திய ஆய்வில், 69 சதவீதத்தினர் உடல் பருமன் உள்ளவர்கள், 51 சதவீதத்தினர் புகைப்பவர்கள். அந்நாட்டின் மற்றத் தொழிலாளர்களைவிட இது இரு மடங்குக்கும் அதிகம். பருமனோடு சேர்ந்து வருவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய், ஸ்லீப் ஆப்னியா. இரவு முழுவதும் படுத்திருப்பார், தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவதால் மூளை மட்டும் உறங்கியிருக்காது. மறுநாள் நேரான நெடுஞ்சாலையில் கண் தானாகச் சொக்கும்.

ஒரு நிறுவனம் தன் ஓட்டுநர்களைச் சோதித்து, நோயுள்ளவர்களுக்குக் காற்றழுத்த முகமூடிக் கருவியைத் தன் செலவில் கொடுத்து, கட்டாயம் பயன்படுத்தச் சொன்னது. கருவியை யார் எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பதும் பதிவானது. பர்க்ஸ் குழு 2016இல் வெளியிட்ட முடிவு இது. கருவியைப் பயன்படுத்தாத நோயாளிகளுக்கு, தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்து விகிதம், நோயற்ற சக ஓட்டுநர்களைவிட ஐந்து மடங்கு. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கோ நோயற்றவர்களின் அளவேதான். நோய் இருப்பவரை வேலையை விட்டு அனுப்பத் தேவையே இல்லை, மருத்துவம் பார்த்தால் போதும் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஆனாலும் அமெரிக்க அரசு இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கும் யோசனையை 2017இல் கைவிட்டது. அதனால், மருத்துவத்துக்கு மறுத்து விலக்கப்படும் ஓட்டுநர், அடுத்த நிறுவனத்தில் வாயைத் திறக்காமல் சேர்ந்துவிடலாம் என்பதை ஆய்வாளர்களே சுட்டியிருக்கிறார்கள்.

நம் பக்கம் வருவோம். சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் இந்திய லாரி ஓட்டுநர்கள் 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, களைப்போ தூக்கமோ வந்தாலும் வண்டியை நிறுத்துவதில்லை என்று ஏறக்குறையப் பாதிப் பேர் சொன்னார்கள். இந்தத் தூக்கத்தில் எவ்வளவு வேலைப்பளு, எவ்வளவு நோய் என்று பிரிக்க வேண்டும். கேள்வி மூன்று போதும். பக்கத்து அறைக்குக் கேட்கும்படி குறட்டை விடுகிறாரா? உறங்கும்போது மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்ததை மனைவியோ கிளீனரோ பார்த்திருக்கிறார்களா? எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் அசதி தீரவில்லையா? இரண்டுக்கு ஆமாம் என்றால், கூடவே கழுத்துப் பருமனோ ரத்த அழுத்தமோ இருந்தால், நெஞ்சக நோய் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அனுப்பித் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது ஒரு வாக்குறுதியும் கொடுங்கள்: "நோய் இருக்குன்னு வந்தாலும் உன் வண்டி உனக்குத்தான்." இந்த வாக்குறுதி இல்லாமல் கேட்டால் எல்லோரும் 'இல்லை' என்றே பதில் சொல்வார்கள், வேலை போகும் என்ற பயத்தில் மனிதன் எதையும் மறைப்பான். மருத்துவர் 'சிபேப்' என்னும் அந்தக் காற்றழுத்த முகமூடிக் கருவியை எழுதிக் கொடுத்தால் அதன் விலையில் பங்கு போடுங்கள். கேபினில் அதற்கு மின் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி புதிய நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள், மே மாத மதியத்தில் அந்தத் தகரப் பெட்டிக்குள் ஒருவர் உறங்க முடியுமா என்று தாங்களே ஒரு மணி நேரம் படுத்துப் பார்க்கலாம்.

ஆள் தேடுவது பற்றி ஒரு வார்த்தை. பர்க்ஸ், போ கவ்கில், ஹாஃப்மன், மைக்கேல் ஹவுஸ்மன் நால்வரும் 2015இல் காட்டியபடி, சக ஊழியர் சிபாரிசில் வந்த லாரி ஓட்டுநர்கள் ஓடும் மைலில் மற்றவர்களைப் போலத்தான், ஆனால் விபத்து குறைவு, விலகுவதும் குறைவு. அதிலும் நன்றாக வேலை செய்பவர் கூட்டிவரும் ஆளுக்கே மதிப்பு அதிகம். புரோக்கருக்குக் கொடுக்கும் பணத்தை உங்கள் நல்ல ஓட்டுநரிடம் கொடுங்கள். பாதியை ஆள் சேரும்போதும் மீதியை அந்த ஆள் ஆறு மாதம் விபத்தில்லாமல் ஓட்டிய பிறகும் கொடுங்கள்.

கடைசியாக, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் பழக்கம். அமெரிக்காவில், இடையில் விலகினால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான பயிற்சி ஒப்பந்தங்கள் ஓட்டுநர் விலகலை ஏறக்குறைய 15 சதவீதம் குறைத்ததாக ஹாஃப்மன்–பர்க்ஸ் இருவரின் இன்னோர் ஆய்வு சொல்கிறது. குறைத்தது அவ்வளவுதான் என்பதையும் கவனியுங்கள். கடன் ஒருவரைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், வேலையை நல்லதாக்காது. ஒப்பந்தம் போடுவதானால் மாதாமாதம் பாக்கி குறைந்து ஒரு தேதியில் தீரும்படி எழுதி, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். அசல் லைசென்ஸை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. அடுத்த லோடிலிருந்து வண்டி கிடங்கு கேட்டுக்குள் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் டிரிப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் சேர்ந்ததும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு, அதிக நேரம் நிறுத்தி வைத்த பார்ட்டியிடம் முதலில் பேசப் போங்கள். போகும்போது அந்த வண்டியின் ஓட்டுநரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.